சிவிலைசேஷன் வரிசையும் நெய்வேலி நிலக்கரியும்

கைவிரல் வேகத்தைக் காட்டிலும் திட்டமிடும் அறிவை நம்பி ஆடப்படும் கணினி விளையாட்டுகள் வியூக விளையாட்டுகள் எனப்படுகின்றன. அவற்றுள் நீண்ட ஆயுள் பெற்ற வரிசைகளில் ஒன்று சிவிலைசேஷன். சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் 1991-இல் மைக்ரோபுரோஸ் நிறுவனத்துக்காக உருவாக்கிய முதல் ஆட்டத்தில், ஆடுபவர் கி.மு. 4000-இல் சிறு குடியேறிக் கூட்டத்தோடு தொடங்கி, ஊர் அமைத்து, உழவும் எழுத்தும் இரும்பும் கற்று, அண்டை அரசுகளோடு பேசியோ போரிட்டோ, தம் சமுதாயத்தை விண்வெளிக் காலம் வரை நடத்திச் செல்ல வேண்டும். சதுரங்கத்தைப் போல முறை வைத்து ஆடப்படுவதால், ஒரு நகர்வுக்கு எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். 1996, 2001, 2005, 2010, 2016, 2025 ஆகிய ஆண்டுகளில் அடுத்த ஆறு ஆட்டங்கள் வெளிவந்தன. அறிஞர் நூலொன்று பதிப்புக்குப் பதிப்பு திருத்தம் பெறுவதைக் காட்டிலும் ஆழமான மாற்றங்களை இவ்வரிசை ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறது.

இத்தகைய வரிசையில் புதியது வந்ததும் பழையது கைவிடப்படும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் 2025 பிப்ரவரியில் ஏழாவது ஆட்டம் வெளிவந்த சில மாதங்களுக்குள், ஸ்டீம் எனப்படும் கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் ஆறாவது ஆட்டத்தையும், பதினைந்து ஆண்டுப் பழமையுடைய ஐந்தாவது ஆட்டத்தையும் ஆடுவோர், ஏழாவதை ஆடுவோரைவிட மிகுதியாக இருந்தனர். பழக்கம், குறைந்த விலை, சாதாரணக் கணினியிலும் ஓடும் எளிமை என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் உண்மையே எனினும், அவை மேலோட்டமானவை. ஒவ்வொரு சிவிலைசேஷன் ஆட்டமும் மனித வரலாறு எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு ஒரு விளக்கத்தை விதிகளின் வடிவில் முன்வைக்கிறது; அடுத்த ஆட்டம் அதே வரலாற்றுக்கு வேறொரு விளக்கத்தை எழுதுகிறது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை இருக்க, நச்சினார்க்கினியர் பின்னர் உரை கண்டார் என்பதால் முன்னவர் உரை செல்லாததாகிவிடவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே மூலத்தின் கடினமான இடங்கள் புலப்படுகின்றன. பழைய ஆட்டத்துக்குத் திரும்புவதன் பயனும் இத்தகையதே.

இவ்வரிசையை உருவாக்குவோரிடையே ஒரு கொள்கை வழங்குகிறது: புதிய ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பழையபடியே இருக்க வேண்டும், ஒரு பங்கு மேம்பட வேண்டும், எஞ்சிய பங்கு முற்றிலும் புதிதாக வேண்டும் என்பதே அது. முதல் நான்கு ஆட்டங்களில் உலகம் சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரே கட்டத்தில் எத்தனை படைகளையும் அடுக்கி வைக்கலாம். ஐந்தாவது ஆட்டம் அறுகோணக் கட்டங்களுக்கு மாறி, ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படை மட்டுமே நிற்கலாம் என்று விதித்ததால், மலை இடுக்கும் ஆற்றுக் கரையும் முன்பைவிட மிகுதியாகப் போரின் போக்கைத் தீர்மானிக்கும் இடங்களாயின. ஆறாவது ஆட்டம் நகரத்தையே விரித்து, கல்விக்கூடத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் துறைமுகத்துக்கும் தனித்தனிக் கட்டங்களை ஒதுக்கச் செய்தது. இம்மாற்றங்கள் பலராலும் பேசப்பட்டவை. அதிகம் பேசப்படாத வேறொன்று, தமிழ்நாட்டின் ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது துலக்கமாகத் தெரிகிறது. அது இவ்வரிசை நிலக்கரியை நடத்தியுள்ள விதம்.

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, பழுப்பு நிலக்கரி எனப்படும் லிக்னைட்டுக்காகவே எழுந்த நகரியம். 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது வெளிப்பட்ட கரும்பழுப்புப் பொருள்தான் இதன் தொடக்கம். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் சோவியத் உதவியோடு அமைந்த முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது. வட்டங்களாகப் பகுத்து மரங்கள் நட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பு, பள்ளிகள், மருத்துவமனை, ஆண்டுதோறும் நடைபெறும் புத்தகக் கண்காட்சி என இவ்வூரில் காணப்படும் ஏறக்குறைய அனைத்தும் அந்த ஒரு கனிமத்தின் மீது நிற்கின்றன. ஒரு வளம் ஓர் ஊரை எவ்வாறு உண்டாக்குகிறது என்பதே சிவிலைசேஷன் ஆட்டங்களின் அடிப்படைக் கேள்வி என்பதால், அவற்றை அளந்து பார்க்க நெய்வேலியைக் காட்டிலும் தக்க அளவுகோல் கிடைப்பது அரிது.

முதல் ஆட்டத்தில் நிலக்கரி குன்றுகளின் மேல் தென்படும் ஒரு கறுப்புக் குறி. அது தொடக்கத்திலிருந்தே எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்தக் கட்டத்தில் உழைக்கும் நகரத்துக்கு உற்பத்தி கூடும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. அனல்மின் நிலையம் என்ற கட்டடம் உண்டு எனினும், அதற்கு நிலக்கரி தேவைப்படுவதில்லை. ஆயினும் இதே எளிய ஆட்டம் புகையை மறக்கவில்லை. ஆலைகள் பெருகிய நகரத்தைச் சுற்றியுள்ள கட்டங்கள் மாசுபட்டு விளைச்சல் குன்றும்; குடியேறிகளை அனுப்பி அவற்றைத் தூய்மை செய்ய வேண்டும்; செய்யாமல் விட்டு மாசுபட்ட கட்டங்கள் பெருகினால் புவி வெப்பமடைந்து, கடலோர நிலங்கள் சதுப்பாகவும் உள்நாட்டு நிலங்கள் பாலையாகவும் மாறும். பருவநிலை மாற்றம் குறித்த உலக நாடுகளின் முதல் ஒப்பந்தம் ரியோ டி ஜெனிரோவில் 1992-இல்தான் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது என்பதை எண்ணினால், அதற்கு ஓராண்டு முன்னரே ஒரு விளையாட்டு இக்கணக்கைத் தன் விதிகளில் எழுதிக்கொண்டது வியப்புக்குரியது.

2001-இல் வந்த மூன்றாவது ஆட்டம் நிலக்கரியை மறைத்து வைத்தது. நீராவி ஆற்றலைக் கற்றறியும் வரை அது வரைபடத்தில் தெரியாது. கற்றறிந்த அந்த நொடியில், பல நூற்றாண்டுகளாக ஆண்டுவந்த நிலத்தின் அடியில் அது இருந்ததோ இல்லையோ என்பது வெளிப்படும். இரும்பும் நிலக்கரியும் இல்லாதவர் இருப்புப்பாதை போட முடியாது என்ற விதியால், அதுவரை முன்னணியில் இருந்த அரசு ஒரே முறையில் பின்தங்கிவிடக்கூடும். வளம் திடீரெனத் தீர்ந்துபோகவும் இவ்வாட்டம் இடமளித்தது. நெய்வேலியின் வரலாற்றோடு மிகவும் ஒத்துப்போகும் விதி இதுவே: முந்திரியும் மானாவாரிப் பயிர்களும் விளைந்த செம்மண் பரப்பின் அடியில் அந்தப் படுகை எத்தனையோ தலைமுறைகளாக யாரும் அறியாமல் கிடந்தது; அது வளமாக மாறியது, அதை எரித்து மின்சாரமாக்கத் தெரிந்த ஒரு காலம் வந்த பின்னரே. நான்காவது ஆட்டம் இம்மறைவை வைத்துக்கொண்டு, நிலக்கரி மின் நிலையம் நகர மக்களின் உடல்நலத்தைக் குறைக்கும் என்ற கணக்கையும் சேர்த்தது. மூன்று ஆட்டங்களாகக் கட்டங்களில் படிந்திருந்த மாசு, மனிதரின் நுரையீரலுக்கு இடம் மாறியது.

ஐந்தாவது ஆட்டம் இந்தக் கணக்கு முழுவதையும் நீக்கிவிட்டது. அங்கே நிலக்கரிக்கு எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஓர் அலகு நிலக்கரி வேண்டும். இல்லாதவர் வாங்க வேண்டும், அல்லது போரிட்டுப் பறிக்க வேண்டும். 2013-இல் வந்த கூடுதல் தொகுப்பின்படி மூன்று தொழிற்சாலைகளை முதலில் எழுப்பும் அரசு, சுதந்திரவாதம், பொதுவுடைமை, சர்வாதிகாரம் என்ற அரசியல் கொள்கைகளுள் ஒன்றைப் பிறருக்கு முன்பாகவே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பெறுகிறது. நிலக்கரி, ஆலை, அரசியல் என்று செல்லும் இந்தச் சங்கிலி கூர்மையானது. நேரு காலத்து இந்தியா பொதுத்துறையைக் கட்டியெழுப்பிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு, எரிபொருளும் கொள்கையும் எவ்வளவு நெருங்கியவை என்பது நெய்வேலியின் பெயர்ப்பலகையிலேயே தெரியும். ஆனால் இவ்வாட்டத்தின் ஆலைகளில் புகை இல்லை. எத்தனை நூறு அலகுகள் எரிந்தாலும் காற்று கெடுவதில்லை, கடல் உயர்வதில்லை. நடையழகிலும் சமநிலையிலும் இதையே வரிசையின் சிறந்த ஆட்டம் என்று போற்றுவோர் பலர் உளர். அவர்கள் கூற்றில் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. எனினும் 1991-இல் எழுதப்பட்டிருந்த ஓர் உண்மை 2010-இல் அழிக்கப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை. பழைய ஆட்டங்களைத் திரும்ப ஆடாதவருக்கு இந்த இழப்பே தெரியாது.

இழந்ததை மீட்டது ஆறாவது ஆட்டத்துக்கு 2019 பிப்ரவரியில் வந்த கேதரிங் ஸ்டார்ம் என்னும் கூடுதல் தொகுப்பு. அதில் நிலக்கரி முறைக்கு முறை சேமிப்பில் சேர்கிறது. மின் நிலையம் அதை எரித்துத் தீர்க்கிறது. எரிந்த ஒவ்வோர் அலகும் உலகின் கரியமில வாயுக் கணக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கு உயர உயர வெள்ளமும் புயலும் வறட்சியும் கடுமையாகி, தாழ்ந்த கடலோரக் கட்டங்கள் முதலில் நீரில் அமிழ்ந்து, பின்னர் அடியோடு மறைகின்றன. எந்தக் கட்டம் எந்த நிலையில் மூழ்கும் என்பது முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்கப்பட்டிருப்பதும், ஓர் அரசு எரித்ததன் விளைவை எரிக்காத மற்றோர் அரசின் துறைமுகமும் சுமக்க நேர்வதும் இந்த ஆட்டத்தின் அறிவார்ந்த பகுதிகள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் இறுதியில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த தானே புயலையும் கண்ட கடலூர் மாவட்டத்து மக்களுக்கு, கடற்கரைக் கட்டங்களில் ஊர் அமைப்பதன் இடர்ப்பாட்டை யாரும் தனியே விளக்க வேண்டியதில்லை.

இவை அனைத்தையும் வரிசைப்படி ஆடிப் பார்த்தாலும், நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நிற்பவருக்குத் தெரிபவற்றுள் பல எந்த ஆட்டத்திலும் இல்லை. முதலாவது, நீர். லிக்னைட் படுகைக்கு அடியில் அழுத்தத்துக்கு உட்பட்ட நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்று உள்ளது. ஊற்றுக் கிணறுகளில் நீரைத் தானாகவே மேலெழச் செய்யும் அதே அழுத்தம், மேல்மண்ணை அகற்றியதும் சுரங்கத் தரையையே பெயர்த்து எழுப்பிவிடக்கூடும். ஆகவே படுகையைச் சுற்றித் துளைக்கிணறுகள் இட்டு, இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே சுரங்கம் தோண்ட முடியும். இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் குடியிருப்புக்கும் சுற்றுப்புறப் பாசனத்துக்கும் செல்கிறது. இரண்டாவது, மேல்மண். கடலூர் மணற்கல் எனப்படும் கடினமான பாறை அடுக்கை, சக்கரத்தில் வாளிகள் பொருத்திய மாபெரும் அகழ்வு இயந்திரங்கள் சுரண்டி எடுக்க, கன்வேயர் பட்டைகள் அதைக் கொண்டுபோய்க் கொட்ட, எடுக்கும் லிக்னைட்டைப் போலப் பல மடங்கு மண் இடம் பெயர்கிறது. மூன்றாவது, கரியின் தரம். நெய்வேலி லிக்னைட்டின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம் என்பதால், அதைத் தொலைதூரம் ஏற்றிச் செல்வது வீண். தோண்டிய இடத்திலேயே எரித்து, மின்சாரமாக மாற்றிக் கம்பி வழியே அனுப்புவதே அறிவுடைமை. சுரங்கமும் மின் நிலையமும் ஊரும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்ததற்கு இதுவே காரணம். ஆறாவது ஆட்டத்தில் ஒரு தொழிலாளர் குழு, கட்டத்தில் கால் வைத்த அதே முறையில் சுரங்கம் முடிந்துவிடுகிறது. நெய்வேலியில் கரி இருப்பதை அறிந்ததற்கும் அதன் படுகையைக் கண்ணால் கண்டதற்கும் இடையே 26 ஆண்டுகள் கழிந்தன.

இவற்றை எல்லாம் விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட சுருக்கம் என்று ஏற்றுக்கொள்ளலாம். ஏற்கக் கடினமானது நான்காவது குறை. ஆட்டத்தின் வரைபடத்தில், ஊர் அமையாத கட்டம் வெற்றிடம். அதில் சுரங்கம் வெட்டுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நெய்வேலியில் சுரங்கம் விரிந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிற்றூர், ஒரு கோயில், ஒரு சுடுகாடு, உழுத வயல் இருந்தன. நிலம் கொடுத்த குடும்பங்களின் இழப்பீடு, மாற்றிடம், வேலை ஆகியவை பற்றிய கோரிக்கைகள் பல பத்தாண்டுகளாகத் தொடர்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவி என்னும் ஊரில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த எதிர்ப்பைத் தமிழ்நாடு முழுவதும் கண்டது. நிலத்தடியில் இருக்கும் வளத்தைக் காட்ட முப்பது ஆண்டுகளில் இத்தனை புதிய விதிகளைக் கண்ட ஒரு வரிசை, நிலத்தின் மேல் இருக்கும் மனிதரைக் காட்ட ஒரு விதியும் காணவில்லை என்பது அதன் மிகப் பெரிய குறை என்றே சொல்ல வேண்டும்.

தமிழ் வாசகர் ஏழாவது ஆட்டத்தை ஆவலோடு நாடுவதற்குத் தனியான காரணம் உண்டு. முதல் ஆட்டம் தொட்டு ஆறாவது வரை இந்தியாவின் தலைவராகக் காந்தி இடம்பெற்றுவந்தார். ஆட்டத்தில் அவர் அணுகுண்டு வீசுவதற்கு முதல் ஆட்டத்தின் கணக்குப் பிழையே காரணம் என்று பரவிய கதையை, சிட் மையரே 2020-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் மறுத்தார். ஏழாவது ஆட்டத்தில் மௌரியர், சோழர், முகலாயர் எனத் தனித்தனி நாகரிகங்கள் வந்துள்ளன. சோழர்க்குக் கலம் என்னும் கப்பலும், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களின் பெயரில் கட்டடங்களும், அதிசயங்களின் வரிசையில் தஞ்சைப் பெரிய கோயிலும் இடம்பெற்றுள்ளன. இது உண்மையிலேயே மகிழத்தக்கது. ஆனால் 2025-இல் வெளிவந்தபோது இவ்வாட்டம் காலத்தை மூன்று ஊழிகளாகப் பிரித்து, ஊழி மாறும்போது நாகரிகத்தையும் மாற்றிக்கொள்ளுமாறு ஆடுபவரைப் பணித்தது. சோழர் நடு ஊழிக்கு உரியவர் ஆதலால், வேறொரு பெயரில் தொடங்கி, சோழராக வளர்ந்து, மீண்டும் வேறொரு பெயரில் முடிக்க வேண்டியிருந்தது. தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே குடியை வளர்த்தெடுக்கும் நிறைவை இழந்ததாகக் கருதியோர் பழைய ஆட்டங்களுக்குத் திரும்பியதில் நியாயம் உண்டு.

ஒரு பழைய ஆட்டத்துக்குள்ளேயே சோழர் வந்து சேர்ந்த மற்றொரு நிகழ்வும் உண்டு. புரூஸ் ஷெல்லி பின்னர் பணியாற்றிய என்செம்பிள் நிறுவனத்தின் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வரிசையில், இரண்டாவது ஆட்டம் 1999-இல் வந்தது. 2013-இல் அதில் சேர்க்கப்பட்ட இந்தியர் என்ற ஒரே பிரிவு ஒட்டகப்படையில் சிறந்தது. காவிரிக் கரையின் வரலாற்றை அதைக் கொண்டு ஆட இயலாது. மூன்றாவது, நான்காவது ஆட்டங்கள் வெளிவந்த பின்னரும் இரண்டாவதை ஆடுவோர் குறையாததால், 2022 ஏப்ரலில் அதற்கே புதிய தொகுப்பு ஒன்று வெளியிடப்பட்டு, அதில் திராவிடர் என்ற பிரிவும், இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடும் தொடரும் சேர்ந்தன. இப்பிரிவுக்குக் குதிரை வீரர் படை குன்றி, யானையும் காலாளும் கப்பலும் முதன்மை பெறுகின்றன. எஃகுத் தொழிலின் சிறப்பு தனித் தொழில்நுட்பமாகவே இடம்பெறுகிறது. ஆணையை ஏற்கும் குடிகள் தமிழில் விடையிறுக்கின்றனர். கங்கைப் படையெடுப்பின் நினைவாக இராசேந்திரன் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம், நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் வழியே வீராணம் ஏரிக்கரையைக் கடந்து சென்றால் அடையக்கூடிய தொலைவிலேயே உள்ளது. அவ்வேரியும் சோழர் காலத்ததே. இத்தொகுப்பை ஆடும் மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்வது பள்ளிகளுக்குப் பெரிய செலவு அன்று.

இவ்வரிசைக்குப் புதியவர் பழையதிலிருந்து தொடங்குவதே நலம். அதற்குப் பொருட்செலவும் தேவையில்லை. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் தொடங்கிவைத்து, தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ஃப்ரீசிவ் என்னும் இலவச ஆட்டம், முதல் இரண்டு சிவிலைசேஷன் ஆட்டங்களின் விதிகளைப் பெரும்பாலும் அப்படியே கொண்டது. குன்றின் மேல் நிலக்கரியும், மாசுபடும் கட்டமும், வெப்பமடையும் உலகும் அதில் உண்டு. வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய கணினியிலும் அது ஓடும். அதை முழுமையாக ஆடிய பின்னர் ஐந்தாவதையும், அதன் பின்னர் கேதரிங் ஸ்டார்ம் தொகுப்போடு ஆறாவதையும் ஆடுவோருக்கு, விதிகள் எங்கே கூடின, எங்கே குறைந்தன என்பது தானாகவே விளங்கும். ஆறாவதை ஆடும்போது இறுதிக் கட்டத்தில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: நிலக்கரி மின் நிலையத்தை மூடுவதற்கென்றே ஒரு பணி அங்கே வைக்கப்பட்டுள்ளது. மூடிய பின்னரும், அதுவரை காற்றில் கலந்த கரியமில வாயு கணக்கில் அப்படியே நிற்கும். அதைக் குறைக்க வேண்டுமானால், வாயுவைத் திரும்பப் பிடிக்கும் வேறொரு பணிக்கு நகரத்தின் உற்பத்தியைப் பல முறைகளுக்கு ஒதுக்க வேண்டும். 1962-இல் சுழலத் தொடங்கி 600 மெகாவாட் திறன் வரை வளர்ந்த நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக அமைந்த 1,000 மெகாவாட் புதிய நிலையமும் லிக்னைட்டையே எரிக்கிறது.